உள்ளறைக் கணினி, கூடத்துத் தொலைக்காட்சி: சில ஆண்டுப் பழக்கம்

கணினி உள்ளறையில் இருக்கிறது, பெரிய திரை கூடத்தில் இருக்கிறது. கணினியை நகர்த்தாமலேயே அதில் ஓடும் விளையாட்டுகளைச் சில ஆண்டுகளாகக் கூடத்துத் திரையில் ஆடிவருகிறேன். தொடக்கத்தில் கேட்டிருந்தால் படத்தின் தெளிவைப் பற்றிப் பேசியிருப்பேன். இப்போது கேட்டால் கேபிளைப் பற்றியும், ஆட்டத்தின் நடுவே முளைக்கும் அனுமதிப் பெட்டிகளைப் பற்றியும்தான் பேசுவேன்.

கணினியில் படத்தைச் சுருக்கி அனுப்பும் சன்ஷைன் மென்பொருள், தொலைக்காட்சியில் செருகிய சிறு ஆண்ட்ராய்டு பெட்டியில் அதை வாங்கிக் காட்டும் மூன்லைட் செயலி. இரண்டும் இலவசம். மூன்லைட் முன்பு, கிராபிக்ஸ் அட்டை தயாரிக்கும் என்விடியாவின் கேம்ஸ்ட்ரீம் என்ற அனுப்பும் வசதியை நம்பியிருந்தது. 2023இல் என்விடியா அதைக் கைவிடத் தொடங்கியபோது, ஏஎம்டி, இன்டெல் கிராபிக்ஸ் அட்டைகளிலும் ஓடக்கூடிய சன்ஷைன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஸ்டீம் விளையாட்டுக் கடையின் ஸ்டீம் லிங்க் செயலியும் இதே வேலையைச் செய்யும். அதற்கென 2015இல் தனிப் பெட்டியே விற்பனைக்கு வந்து, 2018இல் நின்றும் போனது. அமைப்பது ஸ்டீம் லிங்கில் எளிது. நுணுக்கமாகத் திருகிப் பார்க்க மூன்லைட்தான் தோது.

பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் இடையிலான தாமதம்தான் எல்லோருக்கும் முதல் கவலை. விநாடிக்கு 60 பிரேம், அதாவது 60 தனிப்படம் என்றால் ஒரு பிரேமுக்கு 16.7 மில்லி விநாடி. கிராபிக்ஸ் அட்டை படத்தைச் சுருக்க, கேபிள் அதைக் கடத்த, பெட்டி அதை விரிக்க என எல்லாம் சேர்ந்தும் ஓரிரு பிரேமுக்குள் முடிந்துவிடுகிறது. பெரிய திருடன் தொலைக்காட்சியேதான். படத்தை மெருகூட்டுகிறேன் என்று பல தொலைக்காட்சிகள் 50 மில்லி விநாடிக்கும் மேலாக விழுங்கிவிடும். அந்த மெருகூட்டலைக் குறைக்கும் கேம் மோடைப் போட்ட பிறகு, சுவரிலிருந்து சுவருக்குத் தாவும் விளையாட்டுகளில்கூட என் கையும் நாயகனின் காலும் ஒன்றாக அசைகின்றன. மென்பொருளைக் குறை சொல்லும் முன் தொலைக்காட்சியின் அமைப்புகளைத் திறந்து பாருங்கள்.

வைஃபையில் சிக்கல் வேகம் அல்ல, சீரின்மை. 1080பி (முழு எச்டி) படத்துக்கு விநாடிக்கு 20 முதல் 40 மெகாபிட் போதும். அதை எந்த ரவுட்டரும் தரும். ஆனால் மூன்லைட்டின் புள்ளிவிவரப் பலகையைத் திரை ஓரத்தில் ஓடவிட்டால் உண்மை தெரியும். நான்கைந்து மில்லி விநாடி என்று சாதுவாக நிற்கும் வலையமைப்புத் தாமத எண், வீட்டில் வேறொருவர் பெரிய கோப்பு ஒன்றை இறக்கத் தொடங்கியதும் 60, 80 என்று துள்ளும். படம் ஒரு கணம் உறையும். திரும்பி வரும்போது நாயகன் பள்ளத்தில் கிடப்பான். இரு முனைகளும் வைஃபையில் இருந்தால் ஒரே அலைவரிசையை ஒரே படம் இருமுறை கடக்கிறது. கணினியை மட்டுமாவது ரவுட்டரோடு கேபிளில் இணைத்துவிட்டால் பாதித் தொல்லை ஒழியும். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பக்கம் போகவே வேண்டாம். புளூடூத் கன்ட்ரோலரும் அங்கேதான் இருக்கிறது. நான் கடைசியில் சுவரோரமாக கேபிளை இழுத்துவிட்டேன். பார்க்க அழகாக இல்லை, ஆனால் அன்றிலிருந்து அந்த எண் அசையவில்லை.

படத்தின் தரம் நன்றாகவே இருக்கிறது. இருட்டுக் குகைகளில் நிழல் பட்டை பட்டையாகப் பிரியும். அடர்ந்த புல்லும் கொட்டும் மழையும் வேகமாக நகரும்போது சற்றுக் குழையும். படத்தைச் சுருக்கும் பழைய முறையான எச்.264ஐ விட்டு, புதிய முறையான எச்.இ.வி.சிக்கு மாறியதும் அது பெரிதும் குறைந்தது. கதை விளையாட்டு, கார்ப் பந்தயம், முறைவைத்து ஆடும் உத்தி விளையாட்டு எல்லாம் சோபாவில் சாய்ந்தபடி ஆட அருமை. இணையத்தில் பிறரோடு சுடும் விளையாட்டையும் தாளத்துக்குத் தட்டும் விளையாட்டையும் இன்னமும் மேசையில்தான் ஆடுகிறேன். அருகில் அமர்ந்து படிப்பதற்கென்று போட்ட பொடி எழுத்துக்கு மட்டும் எந்தத் தொழில்நுட்பமும் உதவவில்லை.

நாள்பட நாள்பட எரிச்சலூட்டுவது வேறு. கன்ட்ரோலரைக் கையில் எடுத்து உட்கார்ந்த பிறகு, விளையாட்டைத் திறக்கும் செயலி "புதுப்பிக்கவா?" என்று கேட்கும், அந்தப் பொத்தானுக்கு மவுஸ்தான் வேண்டும். தூங்கும் கணினியை வலையமைப்பு வழியே எழுப்பலாம், ஆனால் எழுந்ததும் கடவுச்சொல் கேட்கும். சன்ஷைன் உள்நுழைவதற்கு முன்பே பின்னணிச் சேவையாக ஓடுவதால் பூட்டுத் திரையும் தொலைக்காட்சியில் தெரிகிறது. தட்டுவதற்கு விசைப்பலகை வேண்டுமே. டச்பேட் கொண்ட சிறு வயர்லெஸ் விசைப்பலகை ஒன்று இப்போது ரிமோட்டுக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டது. உள்ளறை மானிட்டரை அணைத்தால் கணினி திரையே இல்லையென்று நினைத்துக்கொள்வதும் உண்டு. திரை இணைந்திருப்பதாகக் கணினியை நம்பவைக்க எச்டிஎம்ஐ துளையில் செருகும் போலித் திரைப் பிளக் ஒன்று அதைத் தீர்த்தது.

புதிதாகப் பெட்டி வாங்குபவர்கள் எச்.இ.வி.சியை வன்பொருளிலேயே விரிக்குமா, ஈதர்நெட் துளை கிகாபிட்டா என்ற இரண்டை மட்டும் பார்த்தால் போதும். பல தொலைக்காட்சிகளின் சொந்த ஈதர்நெட் துளை விநாடிக்கு 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். 1080பிக்கு அது தாராளம், 4கேவுக்கு மூச்சுத் திணறும்.