மனு நகரவில்லை: பிரீமியமா, காங்கிரஸ் உறுப்பினரா, வழக்கா?

அமெரிக்காவில் கிரீன் கார்டுக்காக ஐ-130 (குடும்ப மனு), ஐ-140 (வேலைவழி மனு) போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் சந்தித்தால், “மாண்டமஸ் போட்டுடலாமா?” என்ற பேச்சு எப்படியும் வந்துவிடுகிறது. முடிவெடுக்காமல் இழுத்தடிக்கும் குடியேற்றத் துறைமேல் ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போடுவதுதான் அது. போடலாம்தான். ஆனால் எந்த மனு என்று பார்க்காமல் வக்கீலுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

ஐ-140 என்றால் யோசிக்கவே வேண்டாம், பிரீமியம் ப்ராசஸிங்: கூடுதல் கட்டணம் கட்டினால் குறித்த கெடுவுக்குள் மனுவைக் கவனிப்பார்கள். 2024 பிப்ரவரியில் அதன் கட்டணம் 2,805 டாலர் ஆனது. பெரும்பாலான பிரிவுகளுக்கு 15 வேலை நாள், நாட்டு நலனைக் காட்டி, வேலை தரும் நிறுவனம் இல்லாமலே போடும் நேஷனல் இன்ட்ரஸ்ட் வெய்வருக்கு 45. கெடு தவறினால் கட்டணம் திரும்பி வரும். கூடுதல் ஆவணம் கேட்டுவிட்டால் மட்டும் நாள்கணக்கு மறுபடி முதலிலிருந்து.

குடும்ப மனுவான ஐ-130க்கு இந்தக் குறுக்குவழி இல்லை. தொகுதி காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினரின் அலுவலகத்தை அணுகலாம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து, செலவு பூஜ்யம். பல சமயம் “பரிசீலனையில் உள்ளது” என்ற பதில்தான் வரும். கோப்பு எங்கோ மாட்டிக்கொண்டிருந்தால் உண்மையிலேயே உதவும்.

வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் 405 டாலர். வக்கீல் செலவு தனி, அதுதான் பெரிது. நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததும் பதில் சொல்ல அரசுக்கு 60 நாள். வழக்கின் பலமே இந்த 60 நாளில்தான் இருக்கிறது: வாதாடுவதைவிடக் கோப்பை முடித்துவிடுவது சுலபம் என்று அரசுத் தரப்பே பல நேரம் நினைக்கும். எதிர்த்து நின்றால் கதை வேறு. அரசுத் துறையின் தாமதம் நியாயமற்றதா என்று பார்க்க 1984இல் ட்ராக் (TRAC) வழக்கில் வகுத்த ஆறு அளவுகோல்களை நீதிபதி எடுப்பார். ‘இத்தனை மாதம் தாண்டினால் தாமதம்’ என்ற கோடு அதில் இல்லை. உங்களை முன்னால் விட்டால் வரிசையில் நிற்கும் மற்றவர்கள் பின்னால் போவார்களே என்ற கேள்வியும் எழும்.

ஜெயித்தாலும் “முடிவு சொல்” என்றுதான் உத்தரவு வரும். “அங்கீகரி” என்று வராது. திருமணத்துக்கான ஆதாரம் பலவீனமாக இருந்தால், காசு கொடுத்து நிராகரிப்பைச் சீக்கிரம் வாங்கிய மாதிரி ஆகிவிடும்.

அண்ணன் தம்பிக்குப் போட்ட மனுவுக்கு வழக்கு வீண். மனு நாளைக்கே பாஸானாலும் ப்ரியாரிட்டி டேட் (விசா வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் தேதி) வராமல் விசா கிடையாது. ஆண்டுக்கு இத்தனை விசா என்ற ஒதுக்கீடு சட்டத்தில் இருப்பது, கோர்ட் நகர்த்த முடியாது. குடியுரிமை பெற்றவர் கணவனுக்கோ மனைவிக்கோ போட்ட மனு என்றால் அந்த வரிசையே இல்லை. வழக்கமான கால அளவும் தாண்டி, காங்கிரஸ் அலுவலகத்தில் கேட்டும் அசையவில்லையா? அப்புறம் வக்கீலைப் பாருங்கள்.