கியூபெக்கா, ஒன்ராறியோவா? வாடகைக்கு வருகிறவர்களுக்கு

கனடாவில் குடியேறக் கியூபெக் மாகாணத்தின் மொன்றியாலா, ஒன்ராறியோ மாகாணத்தின் ரொறன்ரோவா என்று கேட்டால் முதலில் வருவது மொழிப் பேச்சுத்தான். அதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1977ஆம் ஆண்டின் 101ஆம் சட்டப்படி கியூபெக்கில் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கே போகவேண்டும். பெற்றோரில் ஒருவர் கனடாவில் ஆங்கிலத்தில் ஆரம்பக் கல்வி கற்றிருந்தால் விலக்குக் கிடைக்கும். 11ஆம் வகுப்போடு பள்ளி முடிந்து 2 வருட செஜெப் என்ற கல்லூரி, அதன் பிறகு பல்கலைக்கழகம். பெரியவர்களுக்கு அரசின் பிரெஞ்சு வகுப்புகள் இலவசம். தமிழ்க் கடை, கோயில், தமிழ் பேசும் வைத்தியர் என்று பார்த்தால் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்குப் பக்கத்தில் மொன்றியாலின் பார்க் எக்ஸ்டென்ஷன் நிற்காது.

வரியிலும் ஒன்ராறியோ முந்தும். அங்கே விற்பனை வரி 13%, கியூபெக்கில் 14.975%. கியூபெக்கில் வருமான வரிக்கு மத்திய அரசுக்கு ஒன்று, மாகாணத்துக்கு ஒன்று என்று இரண்டு படிவம் நிரப்பவேண்டும். அங்கே டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை காருக்குக் குளிர்கால ரயர் கட்டாயம். மறுபக்கத்தில், கியூபெக்கில் அரச மானியம் பெறும் டேகெயார் நாளுக்கு 10 டொலருக்கும் குறைவு (இடம் கிடைப்பதுதான் பாடு), மின்சாரமும் மலிவு.

இத்தனைக்கும் பிறகு நாங்கள் கியூபெக் பக்கம் சாய்ந்தது வாடகைச் சட்டத்தால்.

கியூபெக்கில் வீட்டுக்காரர் முற்பணம் கேட்க முடியாது. முதல் மாத வாடகை மட்டுந்தான். ஒன்ராறியோவில் கடைசி மாத வாடகையையும் சேர்த்து வாங்கலாம். அடுத்தது, கியூபெக்கின் வாடகைத் தீர்ப்பாயத்தின் கட்டாய லீஸ் படிவத்தில் இருக்கும் ஜீ (G) பகுதி. கடந்த 12 மாதங்களில் அந்த வீட்டுக்குக் கொடுக்கப்பட்ட ஆகக் குறைந்த வாடகையை வீட்டுக்காரர் அதில் எழுதவேண்டும். உங்களிடம் கேட்பது அதைவிடக் கூட என்றால், லீஸ் போட்ட ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அந்தப் பகுதியை வெறுமையாக விட்டிருந்தால், லீஸ் தொடங்கி 2 மாதம் வரை காலம் உண்டு. ஒன்ராறியோவில் ஆள் மாறினால் வீட்டுக்காரர் சொல்வதே வாடகை. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய வீடுகளில், இருக்கும் ஆளுக்கே வருட உயர்வுக்கு உச்சவரம்பு கிடையாது.

கியூபெக்கில் ஜூலை 1இல் தொடங்கும் வருட லீஸ் என்றால், வாடகை கூட்டும் அறிவித்தல் ஜனவரி 1க்கும் மார்ச் 31க்கும் இடையில் வரவேண்டும். கிடைத்து ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். 'உயர்வை ஏற்கவில்லை, வீட்டில் தொடர்ந்து இருப்பேன்' என்று எழுதினால் போதும், உயர்வை மறுத்ததற்காக உங்களை வெளியேற்ற முடியாது. அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டியது வீட்டுக்காரர் வேலை. போகாவிட்டால் பழைய வாடகை தொடரும்.

பலர் வழுக்குவது இங்கேதான். உயர்வு அறிவித்தலுக்குப் பதில் சொல்லாமல் விட்டால் சம்மதித்ததாகக் கணக்கு. வீட்டுக்காரர் தனக்கோ தன் பிள்ளைக்கோ வேண்டும் என்று வீட்டைத் திரும்பக் கேட்கும் அறிவித்தலுக்குப் பதில் சொல்லாவிட்டால் மறுத்ததாகக் கணக்கு. ஆகவே வந்த கடிதம் எது என்று முதலில் பாருங்கள். பதிலைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள்.

லீஸ் படிவத்தின் எஃப் (F) பகுதியையும் கையெழுத்துக்கு முன் வாசியுங்கள். கட்டி 5 வருடத்துக்கு உட்பட்ட கட்டடம் என்று அதில் குறித்திருந்தால், மேலே சொன்ன பாதுகாப்பில் பெரும்பகுதி வேலை செய்யாது. உயர்வை மறுத்தால் வீட்டை விடவேண்டி வரும்.

வெளிக்கிடுவதுதான் கியூபெக்கில் கஷ்டம். லீஸ் தானாகவே புதுப்பிக்கும். போவதென்றால், வீட்டுக்காரரின் அறிவித்தல் வராவிட்டாலும், முடிவதற்கு 3 முதல் 6 மாதத்துக்கு முன்பே நீங்கள் எழுதவேண்டும். ஒன்ராறியோவில் முதல் வருடம் முடிந்தபின் 60 நாள் முன்னறிவித்தல் போதும். வேலைக்காக அடிக்கடி ஊர் மாறுகிறவர்களுக்கு அதுவே வசதி.

கியூபெக் வாடகை விளம்பரத்தில் 'நாலரை' என்றிருந்தால் இரண்டு படுக்கையறை, ஒரு ஹோல், ஒரு குசினி. அந்த அரை குளியலறை. குளிர்சாதனப் பெட்டியும் அடுப்பும் இல்லாமலேயே பல வீடுகள் வாடகைக்கு வரும், ஆகவே இருக்கிறதா என்று கேளுங்கள். வெப்பமூட்டும் செலவு வாடகைக்குள் அடங்குமா என்பதையும் லீஸிலேயே எழுதுவியுங்கள்.

இதெல்லாம் மொன்றியாலை வைத்துச் சொன்ன கணக்கு. ஒன்ராறியோவின் ஒட்டாவாவில் வேலை செய்துகொண்டு ஆற்றுக்கு இந்தப் பக்கம் கியூபெக்கின் கத்தினோவில் இருக்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். முதலாளி சம்பளத்தில் ஒன்ராறியோ கணக்கில் வரி கழிப்பார், ஆனால் டிசம்பர் 31 அன்று எந்த மாகாணத்தில் வசிக்கிறீர்களோ அங்கேதான் மாகாண வரி. கூடுதலாகக் கழிக்கச் சொல்லி முன்கூட்டியே படிவம் கொடுக்காவிட்டால், ஏப்ரலில் கியூபெக்குக்கு ஒரு தொகை மொத்தமாகக் கட்டவேண்டி வரும்.