இரவும் பகலும் போல ஒரு முதுகலைப் படிப்பு

படிப்பு முடிந்த கையோடு துறையிலிருந்து ஒரு கருத்துப் படிவம் வந்தது. கட்டம் கட்டமாக டிக் அடித்துக்கொண்டே போய்க் கடைசியில் 'வேறு ஏதேனும்' என்ற பெட்டிக்கு வந்தால், 300 எழுத்துக்கு மேல் ஏற்க மாட்டேன் என்கிறது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

படிப்பின் பெயர் 'வளர்ச்சிப் பொருளாதாரமும் வளர்ந்துவரும் சந்தைகளும்'. ஓராண்டு, முழுநேரம். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே மாதிரிப் பெயரில் படிப்பு நடத்துகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் சொல்லும் குறை அவர்களில் பாதிப் பேருக்காவது பொருந்தும் என்பது என் ஊகம். சேர்வதற்கு முன் ஒன்பது வருஷம் கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றின் நாட்டு இடர் பிரிவில் இருந்தேன். எந்த நாட்டுக்கு எவ்வளவு தரலாம், அதன் நாணயம் எப்போது சரியும் என்று அறிக்கை எழுதுகிற வேலை. 'வளர்ந்துவரும் சந்தை' என்று ஆயிரம் தடவையாவது தட்டச்சு செய்திருப்பேன். அந்தச் சந்தைக்குள் வீடு என்று ஒன்று உண்டு, அதில் நாலு பேர் இருக்கிறார்கள் என்பது என் எக்செல் தாளில் எங்கேயும் வராது. அது தெரிய வேண்டும் என்றுதான் போனேன். அதாவது, நான் பணம் கட்டியது அந்தப் பெயரில் இரண்டு முறை வரும் 'உம்'முக்காக.

முதல் மூன்று வாரம் கணக்கு. 'நினைவூட்டல் வகுப்பு' என்று அட்டவணையில் போட்டிருந்தார்கள். நினைவு இருந்தால்தானே ஊட்டுவதற்கு! கல்லூரியில் தொட்டுவிட்டு வந்த டெரிவேட்டிவ், மேட்ரிக்ஸ் எல்லாம் பதினைந்து வேலை நாளில் திரும்பி வந்தாக வேண்டும். ஒரு நாட்டின் பொருளாதாரம் எப்படி வளர்கிறது என்று கணக்கால் காட்டும் ராபர்ட் சோலோவின் 1956 வளர்ச்சி மாதிரியை மூன்றாம் வாரக் கடைசியில் நானே தாளில் போட்டு முடித்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. என் பக்கத்து நாற்காலிக்காரர் மருத்துவமனை நிர்வாகத்திலிருந்து வந்தவர், கெட்டிக்காரர். இரண்டாம் வாரமே விலகிவிட்டார். 'எந்தத் துறைப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம்' என்று சேர்க்கைப் பக்கத்தில் இருக்கிறதே, விண்ணப்பிக்கலாம் என்பது வரைக்கும் அது உண்மை.

கோட்பாட்டுப் பாடம் சுமார். ஆர்தர் லூயிஸின் 1954 கட்டுரையை மூலத்திலேயே வாசிக்க வைத்தார்கள், அதற்கு நன்றி. கிராமத்தில் மிகுந்து கிடக்கும் உழைப்பை நகரத் தொழில் எப்படி உறிஞ்சிக்கொள்கிறது என்பதை மனிதர் கதை போலச் சொல்லிக்கொண்டு போகிறார். மற்றவை ஸ்லைடு வாசிப்பு.

ஐந்துக்கு ஐந்து கொடுக்க ஒரு பாடம் உண்டென்றால் அது எக்கனாமெட்ரிக்ஸ், அதாவது பொருளாதார வாதங்களைத் தரவையும் புள்ளியியலையும் வைத்துச் சோதிக்கும் பாடம். அந்த ஆசிரியை தேர்வே வைக்கவில்லை. வெளிவந்த ஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுத்து, அவர்கள் பயன்படுத்திய அதே தரவை வைத்து அதே எண்களை வரவழைக்க வேண்டும். வந்த பிறகு அதை உடைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் குழுவுக்கு வந்தது அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன் மூவரும் 2001இல் எழுதிய கட்டுரை. 2024இல் நோபல் பரிசு பெற்ற அதே மூவர்.

கட்டுரையின் கேள்வி பழையது. சில நாடுகள் மட்டும் ஏன் பணக்கார நாடுகளாயின? சொத்துக்குப் பாதுகாப்பு, அரசுக்குக் கடிவாளம் போன்ற நல்ல அமைப்புகள் இருந்ததால் என்று சொல்லிவிடலாம். ஆனால் அமைப்பு நன்றாக இருந்ததால் பணம் வந்ததா, பணம் வந்ததால் அமைப்பு நன்றானதா என்று யாராவது கேட்டால் மாட்டிக்கொள்வோம். இதிலிருந்து தப்பிக்க அவர்கள் கண்டுபிடித்த வழி கல்லறைக் கணக்கு. காலனிகளுக்குப் போன ஐரோப்பியர்கள் மலேரியாவிலும் மஞ்சள் காய்ச்சலிலும் கொத்துக்கொத்தாகச் செத்த இடங்களில் குடியேறவில்லை. சுரண்டிக்கொண்டு போவதற்கான ஆட்சியை மட்டும் நிறுவினார்கள். பிழைத்த இடங்களில் தங்கி, தங்களுக்கு வேண்டிய பாதுகாப்புகளையும் அங்கே கொண்டுவந்தார்கள். அந்த வித்தியாசம் இன்றுவரை தொடர்கிறது. ஆகவே அன்றைய இறப்பு விகிதம் இன்றைய வருமானத்தைத் தொடுவதென்றால் அமைப்புகள் வழியாகத்தான் தொட முடியும் என்பது வாதம். மொத்தம் 64 நாடுகள்.

முதல் நாள் மாலைக்குள் எண்கள் அச்சு அசலாக வந்துவிட்டன. எங்களுக்கு ஒரே கர்வம். மறுநாள் ஆசிரியை, டேவிட் அல்பூய் 2012இல் எழுதிய விமர்சனத்தைக் கையில் கொடுத்தார். அந்த 64இல் 28 நாடுகளுக்குத்தான் தன் எல்லைக்குள்ளேயே கிடைத்த இறப்பு எண் இருக்கிறது, மீதி 36க்கும் இன்னொரு நாட்டிலிருந்து இரவல் என்கிறார் அவர். சில எண்கள் முகாமில் உட்கார்ந்திருந்த படைவீரர்களுடையவை, சில போருக்குக் கிளம்பிப் போனவர்களுடையவை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா? இரவல் எண்ணைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகளை ஒரு கொத்தாகக் கட்டி, போர்ப் பயண எண்களுக்குத் தனி அடையாளம் போட்டு மறுபடி ஓட்டினோம். இறப்பு விகிதத்துக்கும் அமைப்புகளுக்கும் உள்ள தொடர்பை அளக்கும், நேற்றுவரை தூண் மாதிரி நின்ற முதல் கட்ட ரிக்ரெஷன் ஆட ஆரம்பித்தது. மூவரும் எழுதிய பதில் அதே ஆண்டு அதே இதழில் வந்திருக்கிறது, அதையும் படிக்க வைத்தார். யார் சரி என்று எங்களைத் தீர்ப்புச் சொல்லச் சொல்லவில்லை. எந்த வரியை மாற்றினால் எந்த எண் எவ்வளவு ஆடுகிறது என்று ஒரே ஒரு பக்கம் எழுதச் சொன்னார்.

அந்த ஒரு பக்கத்தை எட்டு முறை திருத்தினேன். ஒன்பது வருஷம் அடுத்தவர் அறிக்கையிலிருந்து எண்ணை எடுத்து என் அறிக்கையில் ஒட்டியவள் நான். அந்த எண் எந்த எல்லைக்குள் பிறந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நைஜீரியா 2014 ஏப்ரலில் அடிப்படை ஆண்டை மாற்றிக் கணக்குப் போட்டதும் அதன் ஜிடிபி 89 சதவீதம் பெருத்துவிட்டது. தென் ஆப்பிரிக்காவைத் தாண்டி அந்தக் கண்டத்தின் பெரிய பொருளாதாரமும் ஆகிவிட்டது. முதல் நாள் இரவு இருந்த மனிதர்கள்தான் மறுநாள் காலையிலும் இருந்தார்கள்.

கள ஆய்வுப் பாடமும் நன்று. ஒரு திட்டத்தைக் குலுக்கல் முறையில் சிலருக்குக் கொடுத்து, கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது; பானர்ஜி, டூஃப்லோ, கிரெமர் 2019இல் நோபல் வாங்கிய இந்தச் சோதனை முறைதான் மொத்தப் பாடமும். அதில் என்னைக் குத்தியது 2015 ஜனவரியில் ஒரே இதழில் சேர்ந்து வந்த ஆறு நுண்கடன் ஆய்வுகள். போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ. கடன் கையில் வந்ததும் தொழிலைக் கொஞ்சம் பெரிதாக்கியவர்கள் உண்டு. சராசரிக் குடும்பத்தின் வருமானம் மட்டும் சொல்லிக்கொள்ளும்படி ஏறவில்லை. எங்கள் நிறுவனம் நுண்கடன் நிதிகளுக்குப் பணம் கொடுக்கும்போதெல்லாம் 'வறுமையிலிருந்து மீட்கும்' என்றொரு வாக்கியம் அறிக்கையில் வரும். அதை வெட்டி ஒட்டுவதற்கென்றே தனிக் கோப்பு வைத்திருந்தேன்.

இரண்டாம் பருவத்தில் கட்டடம் மாறியது. ஆட்கள் மாறினார்கள், மென்பொருள் மாறியது, 'குடும்பம்' என்ற சொல் போய் 'முதலீட்டாளர்' வந்து உட்கார்ந்தார். முதல் கட்டடத்தில் ஸ்டேட்டா, இங்கே பைதான். இரண்டையும் கற்றுக்கொள்வது நல்லதுதான், ஆனால் ஒரு கட்டடத்துக்காரர்களுக்கு மற்றக் கட்டடத்தில் என்ன ஓடுகிறதென்றே தெரியாது.

இங்கே ஆசிரியர் முன்பு கடன்பத்திர வியாபாரத்தில் இருந்தவர், பேச்சில் சுவாரஸ்யம். 1981இல் உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கழகத்தில் வேலை பார்த்த அன்டோய்ன் வான் அக்டமேல், 'மூன்றாம் உலகப் பங்கு நிதி' என்று ஒன்றைத் தொடங்கலாம் என்றாராம். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒருத்தரிடமும் விற்க முடியாது என்று பதில் வர, யோசித்துக் கொண்டுவந்த பெயர்தான் 'வளர்ந்துவரும் சந்தை'. நான் ஆயிரம் முறை தட்டிய சொல்லின் பூர்வீகம் ஒரு விற்பனைச் சிக்கல்! இன்னொன்றும் சொன்னார். நாடுகளின் பங்குச் சந்தைகளை வகை பிரித்துக் குறியீடு வெளியிடும் நிறுவனங்களில் எம்எஸ்சிஐ ஒன்று, எஃப்டிஎஸ்இ இன்னொன்று. எம்எஸ்சிஐ குறியீட்டில் தென் கொரியா இன்னும் வளர்ந்துவரும் சந்தை, எஃப்டிஎஸ்இ குறியீட்டிலோ 2009 முதலே வளர்ந்த சந்தை. கிரீஸை 2013இல் எம்எஸ்சிஐ மேலே இருந்து கீழே இறக்கியது. நாட்டின் வருமான நிலையோடு எம்எஸ்சிஐ பார்ப்பது சந்தையின் அளவு, எளிதில் வாங்கி விற்கும் வசதி, வெளிநாட்டுப் பணம் உள்ளே வந்து வெளியே போவதற்கான கதவு. கொரியாவின் கார்களும் சில்லுகளும் அந்தக் கதவுக் கணக்கில் வராது.

வெளிநாட்டு நாணயத்தில்தான் கடன் கிடைக்கும் என்ற நிலையை ஐகன்கிரீனும் ஹவுஸ்மனும் 'ஆதிப் பாவம்' என்று அழைத்ததையும், 2013 மே மாதம் அப்போதைய அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பெர்னான்கி கடன்பத்திரக் கொள்முதலைக் குறைக்கலாம் என்று சொன்ன மாத்திரத்தில் பல நாட்டு நாணயங்கள் சரிந்ததையும் பிரமாதமாக நடத்தினார். ஆனால் ஸாம்பியா 2020 நவம்பரில், இலங்கை 2022 ஏப்ரலில், கானா அதே ஆண்டு டிசம்பரில் என்று வரிசையாகக் கடனைக் கட்ட முடியாமல் கையை விரித்த பிறகும், கடன் மறுசீரமைப்புக்கு ஒதுக்கியது ஒரே வகுப்பு. அதுவும் 1982 மெக்சிகோ கடன் நெருக்கடியில் ஆரம்பித்து, அப்படிப்பட்ட கடன்களைக் குறைத்துப் புதிய பத்திரங்களாக மாற்றிய 1989 பிரேடி திட்டத்துக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மீதியை ஸ்லைடில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

முதல் பருவத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். நாணயம் முப்பது சதவீதம் சரிந்தால், எந்தக் குடும்பம் முதலில் எதைக் குறைக்கும்? 'அது மேக்ரோ (நாட்டளவுப் பொருளாதாரம்), அடுத்த பருவத்தில் வரும்' என்றார்கள். அடுத்த பருவம் வந்தது, கேட்டேன். 'அது வளர்ச்சிப் பாடத்தில் வந்திருக்குமே' என்றார் இவர். பள்ளியில் தமிழ் ஐயா எண்ணும்மைக்கு 'இரவும் பகலும்' என்று உதாரணம் சொல்வார். இந்தப் படிப்பின் பெயரில் இருப்பதும் அதே எண்ணும்மைதான், அதே இரவும் பகலும்தான். ஒன்று இருக்கும் நேரத்தில் இன்னொன்று இருக்காது.

சரி, ஆய்வேட்டிலாவது நானே ஒட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பினேன். நைஜீரியா 2016 ஜூனில் டாலருக்கு 197 என்று பிடித்து வைத்திருந்த தன் நாணயமான நைராவைச் சந்தைப் போக்கில் விட்டபோது, அது ஒரே நாளில் சுமார் 280க்குப் போனது. அந்த நாட்டுப் புள்ளியியல் பணியகம் உலக வங்கியோடு சேர்ந்து சுமார் 5,000 குடும்பங்களிடம் மீண்டும் மீண்டும் போய் எடுக்கும் கணக்கெடுப்பு இருக்கிறது. பதிவு செய்தால் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2015-16 சுற்று சரிவுக்கு முன், 2018-19 சுற்று பின். இறக்குமதி அரிசி வாங்கிய குடும்பங்களையும் வாங்காதவர்களையும் ஒப்பிட்டால் என் கேள்விக்கு ஒரு மூலையாவது தெரியும்.

நெறியாளருக்கு எழுதினேன். ஏழு வாரம் பதிலில்லை. மற்றக் கட்டடத்திலிருந்து இரண்டாவது நெறியாளர் கேட்டேன், ஒருவருக்கு ஒரு நெறியாளர்தான் என்று விதியைக் காட்டினார்கள். நானாக இரண்டு மாதம் ஓட்டிய பிறகுதான் உறைத்தது: 2018-19 சுற்றில் பெரும்பாலான பழைய குடும்பங்களை மாற்றிப் புதியவர்களைச் சேர்த்திருக்கிறார்கள். இரு சுற்றிலும் இருப்பவை சுமார் 1,500. அறிக்கையின் தொடக்கப் பக்கங்களிலேயே எழுதியிருக்கிறது, படிக்காதது என் தப்பு. ஆனால் இதே தரவில் கட்டுரை எழுதியிருக்கும் நெறியாளர் ஏழு வாரத்தில் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தால் போதும். கடைசியில் வந்த எண்ணின் திசை நான் நினைத்த திசைதான். அதன் நம்பிக்கை இடைவெளி (உண்மை எண் இருக்கக்கூடிய எல்லை) மட்டும் பூஜ்ஜியத்தைத் தாண்டி அந்தப் பக்கம் வரை நீண்டு கிடந்தது, அதாவது விளைவு உண்டென்று உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படியே எழுதினேன். மதிப்பெண் நன்றாகவே போட்டார்கள்.

சேர நினைக்கிறவர்களுக்கு: ஆராய்ச்சிப் பக்கம் போகிறவர் என்றால் எக்கனாமெட்ரிக்ஸுக்காக மட்டுமே சேரலாம், கணக்கை ஆறு மாதம் முன்பே தூசி தட்டிவிட்டுப் போங்கள். சந்தைப் பக்கம் ஏற்கெனவே வேலையில் இருக்கிறீர்களா? இரண்டாம் பருவத்தில் புதிதாகக் கிடைப்பது குறைவு. எந்தப் பல்கலைக்கழகம் என்றாலும் சேர்க்கை அலுவலகத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். இரு துறை ஆசிரியர்களும் சேர்ந்து நடத்தும் பாடம் ஒன்றாவது உண்டா? ஆய்வேட்டுக்கு இரண்டு நெறியாளர் கிடைப்பார்களா? கூடவே, போன வருஷத்து ஆய்வேட்டுத் தலைப்புகளை அனுப்பச் சொல்லுங்கள். தலைப்புகள் எந்தக் கட்டடத்துப் பக்கம் சாய்கின்றன என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

நான் பழைய வேலைக்கே திரும்பிவிட்டேன். முதல் வாரம் கையில் வந்த நாட்டு அறிக்கையில், நாணயம் சரிந்தால் எந்த வருமானக் குடும்பங்கள் எவ்வளவு அடி வாங்கும் என்று கணக்கெடுப்புத் தரவை வைத்து இரண்டு பக்கம் எழுதிச் சேர்த்தேன். மேலாளர் படித்துப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, பின்னிணைப்பில் போட்டுவிடுங்கள் என்றார்.