‘ஹார்டுவேர் எரர்’ வந்ததும் டேப் டிரைவை மாற்றிவிடாதீர்கள்: எச்பிஇ லைப்ரரி அண்ட் டேப் டூல்ஸ் பற்றி

காலையில் வந்து பேக்கப் லாகைத் திறந்தால் ‘ஹார்டுவேர் எரர்’ என்று ஒரே ஒரு வரி, ஜாப் பாதியில் நின்றிருக்கும், வேறு விவரம் எதுவும் இருக்காது. எங்களுக்கு இது தொடர்ந்து மூன்று இரவு வந்தது. ஒற்றை எல்டிஓ-6 டிரைவ் (எல்டிஓ என்பது பேக்கப் டேப்பில் ஒரு வகை, 6 அதன் தலைமுறை), தினமும் மாலையில் கையால்தான் டேப் மாற்றுகிறோம். ஏஎம்சியில் (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) இருந்து வந்தவர் அந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு, “டிரைவ் போயிடுச்சு சார், புதுசுதான் வாங்கணும்” என்று சொல்லி அன்று மாலையே கொட்டேஷனும் அனுப்பிவிட்டார். டிரைவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, அதன் லாகையும் எடுக்கவில்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை, அதனால் டேப் டிரைவைச் சோதித்துப் பார்க்கும் எச்பிஇ நிறுவனத்தின் மென்பொருளான லைப்ரரி அண்ட் டேப் டூல்ஸை இறக்கி நானே உட்கார்ந்தேன்.

எல்லோரும் எல்டிடி என்றுதான் சொல்வார்கள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். திறப்பதற்கு முன் பேக்கப் மென்பொருளின் சர்வீஸ்களை நிறுத்திவிடுங்கள், இரண்டும் ஒரே நேரத்தில் டிரைவைப் பிடித்தால் அதுவே புதுப் பிழையைக் கிளப்பும். பிறகு டிரைவைத் தேர்ந்தெடுத்து சப்போர்ட் டிக்கெட் என்ற அறிக்கையை எடுக்க வேண்டும். இதுதான் இந்த மென்பொருளின் உயிர். டிரைவ் தன் நினைவில் வைத்திருக்கும் பிழைப் பதிவுகள், போட்ட டேப்பின் சிப்பில் இருக்கும் வரலாறு, டேப்அலர்ட் என்று டிரைவ் எண் போட்டுத் தரும் எச்சரிக்கைகள் எல்லாம் ஒரே அறிக்கையாக வந்துவிடும்.

எங்கள் அறிக்கையில் டேப்அலர்ட் 20 இருந்தது, ‘உடனே சுத்தம் செய்’ என்று அர்த்தம். கூடவே 22, அதாவது கிளீனிங் கார்ட்ரிட்ஜின் (டிரைவைச் சுத்தம் செய்யப் போடும் தனி டேப்) ஆயுள் முடிந்துவிட்டது. அப்போதுதான் விஷயம் புரிந்தது. கிளீனிங் கார்ட்ரிட்ஜ் பொதுவாக 50 முறைக்குத்தான் வரும், அதற்குப் பிறகு உள்ளே போட்டாலும் டிரைவ் சுத்தம் செய்யாமல் வெளியே தள்ளிவிடும். கார்ட்ரிட்ஜ் வெளியே வந்ததைப் பார்த்து, சுத்தமாகிவிட்டது என்று நாங்கள் மாதக்கணக்கில் நம்பியிருக்கிறோம். அதே நேரத்தில் பக்கத்து அறையில் சுவர் இடித்துக் கட்டும் வேலை வேறு நடந்துகொண்டிருந்தது, தூசிக்குக் கேட்கவா வேண்டும்.

எல்டிஓ டிரைவ் எழுதிய கையோடு அதைப் படித்துச் சரிபார்க்கும். தவறாக இருந்தால் அந்தத் துண்டை டேப்பில் இன்னும் கொஞ்சம் தள்ளி மறுபடி எழுதும். ஹெட்டில் (டேப்பில் எழுதிப் படிக்கும் பாகம்) அழுக்கு சேரச் சேர இந்த மறு எழுத்து கூடும், வேகம் குறையும், டேப்பும் சீக்கிரம் நிரம்பும். 2.5 டிபி கொள்ளளவுள்ள டேப் அதற்கு ரொம்ப முன்னாலேயே ‘நிரம்பிவிட்டது’ என்று சொன்னால் அதை லேசாக விடாதீர்கள். எங்களுக்கு இரண்டு வாரம் முன்பே அப்படி வந்தது, டேட்டா வளர்ந்துவிட்டது என்று நினைத்து விட்டுவிட்டோம்.

புது கிளீனிங் கார்ட்ரிட்ஜ் போட்டேன். அப்புறம் எல்டிடியில் உள்ள டிரைவ் அசெஸ்மென்ட் சோதனையை ஓட்டினேன், பாஸ். ஒன்று கவனம்: இந்தச் சோதனை டேப்பில் எழுதிப் பார்க்கும், இருப்பதை அழித்துவிடும். தேவையில்லாத டேப்பை மட்டும் போடுங்கள், நேற்றைய பேக்கப் டேப் கையில் இருக்கிறதே என்று அதைப் போட்டுவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பிறகு எல்லா டேப்பையும் ஒவ்வொன்றாகப் பார்த்ததில் ஒன்று மட்டும் திரும்பத் திரும்பத் தவறியது. அதை ஒதுக்கிவிட்டோம். டிரைவ் அப்படியே இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது.

குறை என்றால், அறிக்கை புதிதாகப் பார்க்கிறவரை மிரட்டும், எந்த எண்ணைப் பார்ப்பது என்றே தெரியாது. முதலில் டேப்அலர்ட், பிறகு டேப்பின் நிலை, இந்த இரண்டில் தொடங்கினால் போதும். ஐபிஎம் டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு இதே வேலைக்கு ஐடிடிடி என்ற மென்பொருள் இருக்கிறது, லினக்ஸில் டேப்இன்ஃபோ கட்டளையே டேப்அலர்ட்டைக் காட்டிவிடும்.

டிக்கெட்டில் டிரைவ், டேப் இரண்டும் சுத்தமாக இருந்தும் பிழை வருகிறதா? அப்போது கேபிளையும் கார்டையும் பாருங்கள். விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் ஈவென்ட் எண் 9 என்றால் சாதனம் நேரத்துக்குப் பதில் தரவில்லை, 11 என்றால் கன்ட்ரோலர் பிழை. டேப் டிரைவை ரெய்டு கார்டில் (பல ஹார்டு டிஸ்க்குகளைச் சேர்த்து ஆளும் கார்டு) சொருகியிருந்தால் முதலில் அதை எடுத்துத் தனி எச்பிஏ கார்டில் (சாதனத்தை நேராகக் கணினியோடு இணைக்கும் கார்டு) போடுங்கள், பெரும்பாலான ரெய்டு கார்டுகள் டேப்புக்கு ஆனவை அல்ல.

ஐந்துக்கு நாலரை தருவேன். இப்போது கிளீனிங் கார்ட்ரிட்ஜின் மேலேயே ஒரு தாள் ஒட்டி, போடும் ஒவ்வொரு முறையும் தேதி எழுதுகிறோம். போன வெள்ளிக்கிழமை டேப்பில் இருந்து கணக்குப் பிரிவின் ஃபோல்டர் ஒன்றை வேறு டிஸ்க்கில் மீட்டுப் பார்த்தேன், ஒரு ஃபைல்கூட விடுபடாமல் வந்தது.