மேன் பக்கத்தில் கோப்புப் பெயர்: .ஐ முதல் .பிஏ வரை, பல வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

அலுவலகத்தில் நாங்களே எழுதிப் பயன்படுத்தும் கட்டளைகளுக்கு மேன் பக்கம் (கட்டளை தட்டும் எழுத்துத் திரையான டெர்மினலில் மேன் என்று தட்டினால் வரும் கையேடு) எழுதிப் பராமரிப்பது பல வருடங்களாக என் பொறுப்பு. அதில் அதிகம் தகராறு வருவது கட்டளையின் விளக்கத்தில் இல்லை, கோப்புப் பெயரை எந்த எழுத்தில் காட்டுவது என்பதில்தான். ஒருவர் தடித்த எழுத்தில் போடுவார், இன்னொருவர் மேற்கோள் குறிக்குள் போடுவார், மூன்றாமவர் எதுவுமே போடாமல் விட்டுவிடுவார். மூவரும் திருத்திய பக்கத்தில் மூன்றும் இருக்கும்.

இது என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது கிரான்டேப். குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டிய வேலைகளைப் பட்டியலிட கிரான்டேப் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அந்தக் கட்டளை திருத்தும் கோப்புக்கும் கிரான்டேப் என்றுதான் பெயர். போதாததற்கு /எட்சி/கிரான்டேப் என்று இன்னொரு கோப்பு, அதில் பயனர் பெயருக்கென்று கூடுதலாக ஒரு நெடுவரிசை. "கிரான்டேப்பில் மாற்றுங்கள்" என்று வெறும் எழுத்தில் எழுதினால் மூன்றில் எது? கட்டளை தடித்தும் கோப்பு சாய்ந்தும் இருந்தால், படிப்பவர் யோசிக்காமலே பிரித்துக்கொள்வார். ஆனால் பக்கம் முழுக்க அப்படியே இருக்க வேண்டும். நடுவில் இரண்டு இடத்தில் தவறினால் மற்ற இடங்களையும் நம்ப முடியாது.

நான் நான்கு முறைகளைப் புழங்கியிருக்கிறேன். பழைய மேன் மேக்ரோக்கள் (மேக்ரோ என்பது வரியின் தொடக்கத்தில் புள்ளி வைத்துப் போடும் குறுங்கட்டளை), யூனிக்ஸின் ஒரு கிளையான பிஎஸ்டி உலகத்தின் எம்டாக், கோணக் குறிச்சொற்களால் எழுதும் டாக்புக், அப்புறம் எளிய குறிகள் கொண்ட மார்க்டவுனில் எழுதி மாற்றிக்கொள்வது. மேக்ரோ பெயர்களையும் பாதைகளையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. கோப்புகளுக்கென்று தனிப் பகுதி அதிலேயே உண்டு. இன்று லினக்ஸில் பெரும்பாலும் புழங்கும் மேன் மேக்ரோக்கள் 1979இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு வந்தவை, எழுதியவர் டக் மெக்கில்ராய். இவற்றில் "இது கோப்புப் பெயர்" என்று சொல்ல வழியே கிடையாது. .பி போட்டால் தடித்த எழுத்து, .ஐ போட்டால் சாய்வெழுத்து, அவ்வளவுதான். எதற்கு எது என்பது எழுதுபவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு.

லினக்ஸ் மேன்-பேஜஸ் திட்டத்தின் ஏற்பாடு தெளிவானது. கோப்புப் பெயரோ முழுப் பாதையோ எப்போதும் சாய்வெழுத்தில் வரும். ஹெட்டர் கோப்பும் (சி நிரலின் தலைப்பில் சேர்க்கும் கோப்பு) கோண அடைப்புக்குள் சாய்வெழுத்தில்தான், பயன்படுத்தும் விதத்தைச் சுருக்கமாகக் காட்டும் சினாப்சிஸ் பகுதியில் மட்டும் அது தடித்துவிடும். மைக்கேல் கெரிஸ்க் 2004 முதல் நெடுங்காலம் பராமரித்த திட்டம் அது. அங்கே எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரே கை எழுதியது போல இருப்பதற்கு இந்த மாதிரி விதிகளும் ஒரு காரணம். நாங்களும் முதலில் இதையே எடுத்துக்கொண்டோம். விதி ஒரு வரிதான் என்றாலும் கடைப்பிடிக்கும்போது வரும் சில்லறைத் தொந்தரவுகள் நிறைய.

முதல் தொந்தரவு முற்றுப்புள்ளி. வாக்கியத்தின் கடைசியில் கோப்புப் பெயர் வந்தால், புதிதாக எழுதுபவர்கள் .ஐ /எட்சி/ஹோஸ்ட்ஸ். என்று புள்ளியை ஒட்டிப் போட்டுவிடுவார்கள். டெர்மினலில் சாய்வெழுத்து அடிக்கோடாகத்தான் தெரியும். புள்ளிக்கும் சேர்த்து அடிக்கோடு விழுந்துவிடும். கோப்புப் பெயரிலேயே புள்ளிகள் சகஜமாக வரும் உலகத்தில், கடைசிப் புள்ளி பெயரைச் சேர்ந்ததா வாக்கியத்தைச் சேர்ந்ததா என்று படிப்பவர் ஊகிக்க வேண்டியதாகிறது. சரியான வழி .ஐஆர் /எட்சி/ஹோஸ்ட்ஸ் . என்று இடைவெளி விட்டு எழுதுவது. முதல் சொல் சாய்வு, அடுத்தது சாதாரணம், இரண்டும் ஒட்டியே அச்சாகும்.

அடுத்தது, பாதைக்கு நடுவே மாறும் பகுதி வருவது. ப்ராக் அடைவுக்குள் ஒவ்வொரு செயலாக்கத்துக்கும் அதன் எண்ணில் ஓர் அடைவு இருக்கும். அதை /ப்ராக்/பிஐடி/எஃப்டி என்று எழுதினால், பிஐடி என்பதை அப்படியே தட்டக் கூடாது, அங்கே ஓர் எண் வரும் என்று காட்ட வேண்டும். மற்ற இடங்களில் படிப்பவர் மாற்றிப் போட வேண்டியதைச் சாய்வெழுத்தில் காட்டுவோம். இங்கே பாதையே சாய்ந்திருக்கிறதே, என்ன செய்வது? மேன் பக்கத்தை வடிவமைத்துக் காட்டும் மென்பொருளான க்ரோஃபின் நடைக் கையேடு இதற்கு நல்ல வழி சொல்கிறது. பாதை சாய்வில் இருக்கட்டும், மாறும் பகுதியை மட்டும் நிமிர்ந்த எழுத்துக்குத் திருப்பு, பிறகு விளக்கத்தில் அந்தப் பகுதியைத் தனியாகச் சொல்லும்போது மறுபடி சாய்வில் போடு. அதே .ஐஆர்தான், மூன்று துண்டாக: .ஐஆர் /ப்ராக்/ பிஐடி /எஃப்டி. டெர்மினலில் அடிக்கோடு நடுவில் விட்டுவிட்டு வரும். பார்த்தவுடன் புரிகிறது. இந்த ஒரு விதிக்காகவே பழைய மேன் மேக்ரோக்கள் மேல் எனக்கு இன்னும் மரியாதை உண்டு.

அடிக்கோட்டுக்கே ஒரு குறை இருக்கிறது. /ப்ராக்/சிஸ்/நெட்/ஐபிவி4/ஐபி_ஃபார்வர்ட் போன்ற பெயரில் வரும் கீழ்க்கோடு, சில எழுத்துருக்களில் அடிக்கோட்டோடு கலந்து காணாமல் போகும். இடைவெளி என்று நினைத்துத் தட்டுபவர்கள் உண்டு. இதற்கு எழுதுபவர் பக்கம் பெரிதாக மருந்து இல்லை. முக்கியமான பெயர் என்றால் உதாரணப் பகுதியில் தனி வரியில், அடிக்கோடு இல்லாமல் இன்னொரு முறை போட்டுவிடுகிறேன்.

இதையெல்லாம் விட மோசமானது சிறுகோடு. மேன் பக்கங்களுக்கு அடிப்படையான ராஃப் மொழியில் வெறும் சிறுகோடு என்பது சொற்களை இணைக்கும் கோடு. கட்டளையிலும் கோப்புப் பெயரிலும் வரும் கோட்டை பின்சாய்கோடு சேர்த்து \- என்றுதான் எழுத வேண்டும். பல காலம் இரண்டும் டெர்மினலில் ஒன்றாகவே வெளிவந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2023இல் வந்த க்ரோஃப் 1.23, யூடிஎஃப்-8 டெர்மினலில் இரண்டையும் வேறு வேறு குறியாக அச்சிட ஆரம்பித்தது. விளைவு, /எட்சி/ஓஎஸ்-ரிலீஸ் என்று வெறும் கோடு போட்டு எழுதிய பக்கத்திலிருந்து பெயரைப் பிரதி எடுத்து ஒட்டினால் "அப்படிக் கோப்பு இல்லை" என்று பதில் வரும். திரையில் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. மேன் பக்கத்துக்குள் தேடினாலும் சிக்காது. டெபியன் என்ற லினக்ஸ் விநியோகம் தன் அமைப்புக் கோப்பில் பழைய நடத்தையைத் திருப்பி வைத்திருக்கிறது. அதனால் டெபியனில் எழுதிச் சோதிப்பவர்களுக்குப் பிரச்சினை தெரியவே தெரியாது, வேறு விநியோகத்தில் படிப்பவர்தான் மாட்டுவார். ~ குறிக்கும் இதே கதைதான், பயனரின் ஹோம் அடைவைக் குறிக்க \(டிஐ என்று எழுதுவதே பாதுகாப்பு.

புள்ளியில் தொடங்கும் கோப்புகளையும் சொல்லிவிடுகிறேன். வரியின் முதல் எழுத்தாக .பாஷ்ஆர்சி வந்து உட்கார்ந்தால், ராஃப் அதை ஏதோ மேக்ரோ என்று எடுத்துக்கொண்டு அந்த வரியை விழுங்கிவிடும். எச்சரிக்கைகளைப் போட்டுப் பார்க்காவிட்டால் சத்தமே இருக்காது. முன்னால் \& சேர்த்தால் தீர்ந்தது.

இந்தப் பின்னணியில் எம்டாக்கைத் தொட்டபோது நிம்மதியாக இருந்தது. பெர்க்லியில் சிந்தியா லிவிங்ஸ்டன் உருவாக்கியது, 4.4பிஎஸ்டியின் கையேடுகள் இதில் வந்தன. ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி மூன்றும் இன்றும் இதில்தான் எழுதுகின்றன. எழுத்துருவைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. கோப்புப் பாதைக்கு .பிஏ, ஹெட்டருக்கு .ஐஎன், சூழல் மாறிக்கு .ஈவி, கொடிக்கு (கட்டளையோடு சிறுகோடு வைத்துத் தரும் விருப்பம்) .எஃப்எல். முற்றுப்புள்ளித் தகராறும் கிடையாது. .பிஏ /எட்சி/ஹோஸ்ட்ஸ் . என்று எழுதினால், கடைசிப் புள்ளி நிறுத்தக்குறி என்று அதுவே புரிந்துகொண்டு வெளியே வைக்கும். நடப்பு அடைவைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியைக் கோப்பாகக் காட்ட வேண்டுமானால்தான் \& தேவை.

இதன் உண்மையான லாபம் தேடும்போது தெரியும். மேன்டாக் என்ற கருவியோடு வரும், கையேடுகளைத் தேடும் கட்டளையான அப்ரோபோஸ், மேக்ரோவை வைத்தே தேடும். பிஏ=ஹோஸ்ட்ஸ் என்று கொடுத்தால், அந்தக் கோப்பைக் கோப்பாகக் குறித்திருக்கும் பக்கங்கள் மட்டும் வரிசையாக வரும். ஓர் அமைப்புக் கோப்பை இடம் மாற்றப் போகிறோம், எந்தெந்தக் கையேட்டைத் திருத்த வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் எனக்குக் கிடைத்ததில்லை. லினக்ஸில் வழக்கமாக இருக்கும் அப்ரோபோஸ் பெயரையும் ஒருவரி விளக்கத்தையும் மட்டும்தான் பார்க்கும். முழு உரையில் தேட வேறு கொடி இருக்கிறது, ஆனால் ஹோஸ்ட்ஸ் என்ற சொல் வந்த அத்தனை பக்கங்களையும் அள்ளிக் கொட்டும். ஆல்பைன் லினக்ஸும், 13ஆம் பதிப்பிலிருந்து மேக்ஓஎஸ்ஸும் மேன்டாக்கைப் பயன்படுத்துவதால், இது பிஎஸ்டிக்காரர்களின் சங்கதி மட்டும் என்று ஒதுக்க முடியாது.

எம்டாக்கிலும் குறை உண்டு. முன்னே சொன்ன மாறும் பகுதி விஷயத்தில் அது சறுக்குகிறது. /ப்ராக்/ என்பதற்கு .பிஏ, பிஐடிக்கு ஏஆர், நடுவே இடைவெளி வராமலிருக்க என்எஸ் என்று கோத்து எழுதலாம். பொருள் ரீதியாக அது துல்லியம். ஆனால் டெர்மினலில் பிஏ, ஏஆர் இரண்டுமே அடிக்கோடுதான், படிப்பவருக்கு எங்கே பெயர் முடிந்து எங்கே மாறி ஆரம்பிக்கிறது என்று தெரியாது. ஹெச்டிஎம்எல்லாக மாற்றினால் இரண்டுக்கும் தனித்தனி வகுப்புப் பெயர் வருவதால் நிறம் பிரித்துக் காட்டலாம். டெர்மினலில் படிக்கிறவருக்கு அதனால் பயன் இல்லை. இன்னொன்று, .பிஏவுக்கு எதுவும் கொடுக்காமல் விட்டால் அது பாட்டுக்கு ~ என்று அச்சிடும். அவசரத்தில் பெயரைப் பிறகு நிரப்பலாம் என்று விட்டால் ஒரு பிழையும் காட்டாமல் ஹோம் அடைவு முளைத்துவிடும்.

டாக்புக்கை நான் வேறொரு குழுவின் பக்கங்களுக்காக மட்டுமே பயன்படுத்தினேன். கோப்புக்கென்று தனிக் குறிச்சொல் உண்டு. அது அடைவா, ஹெட்டரா, சாதனக் கோப்பா என்றும் சொல்லலாம். குறிப்பதில் இதை மிஞ்ச ஆளில்லை. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் கையேடுகள் இதில்தான் எழுதப்படுகின்றன. அதன் சிஸ்டம்டி.டைரக்டிவ்ஸ் என்ற பக்கத்தில், எல்லாக் கையேடுகளிலும் வரும் கோப்புகளும் அடைவுகளும் எந்தப் பக்கத்தில் வருகின்றன என்ற பட்டியல் தானாகவே உருவாகிறது. ஒழுங்காகக் குறித்ததற்குக் கிடைத்த கூலி அது. ஆனால் ஒரு பத்திக்கு இத்தனை கோணக் குறிகளைத் தட்டுவதற்கு எங்கள் ஆட்கள் யாரும் தயாராக இல்லை, எனக்கும் கை வலித்தது.

மார்க்டவுன் எதிர்முனை. எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் எழுதுவார்கள். கோப்பு, கட்டளை, மாறி, மதிப்பு எல்லாவற்றுக்கும் ஒரே பின்தட்டுக் குறிதான் (`). இணையப் பக்கத்தில் அது வேறு எழுத்துருவில் அழகாகத் தெரியும். டெர்மினலிலோ எல்லா எழுத்தும் ஏற்கெனவே சம அகலம்தான், மாற்றும் கருவி அதைச் சம அகல எழுத்துரு என்று எழுதிக் கொடுத்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நான் தினமும் புழங்கும் ஒரு கருவியின் கையேடு இப்படித்தான் இருக்கிறது. மூலத்தில் கச்சிதமாகக் குறித்திருக்கிறார்கள், மேன் பக்கத்தில் பாதைகள் வாக்கியத்துக்குள் கரைந்து கிடக்கின்றன. மார்க்டவுனில்தான் எழுதுவேன் என்றால், கோப்புக்குப் பின்தட்டுக் குறியை விட்டுவிட்டு ஒற்றை நட்சத்திரம் போடுங்கள், அது சாய்வாக மாறி அடிக்கோட்டோடு வரும்.

நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷின் கையேட்டு மூலத்தைத் திறந்து பார்த்தால் வேடிக்கையாக ஒன்று தெரியும். மேன் மேக்ரோவில் கோப்புக்கு வழியில்லை என்று அவர்களே எஃப்என் என்று ஒரு மேக்ரோவை வரையறுத்து வைத்திருக்கிறார்கள். ஆசை எனக்கும் வந்தது. சொந்த மேக்ரோ எழுதினால் மாற்றும் கருவிகள் சில தடுமாறும், க்ரோஃப் கையேடும் வேண்டாம் என்றுதான் சொல்கிறது, அதனால் விட்டுவிட்டோம்.

இப்போது எங்கள் வழக்கம் இது. புதுப் பக்கம் என்றால் எம்டாக். கோப்புப் பெயர் எத்தனை முறை வந்தாலும் அத்தனை முறையும் .பிஏ, முதல் தடவை மட்டும் என்ற சலுகை கிடையாது. அடைவு என்றால் கடைசியில் சாய்கோடு கட்டாயம். மேன்டாக்கின் லின்ட் என்ற பிழைச் சோதனை நிறைய பிடிக்கும், ஆனால் குறிக்காமல் விட்ட கோப்பைப் பிடிக்காது. வெறும் உரையில் இருக்கும் ஒரு சொல் கோப்பு என்று அதற்கு எப்படித் தெரியும்? அதற்காக ஒரு கிரெப் (உரையில் தேடும் கட்டளை) வரி வைத்திருக்கிறேன். புள்ளியில் தொடங்காத வரிகளில் /எட்சி, /வார், /யுஎஸ்ஆர் வந்தால் காட்டும். உதாரணப் பகுதிகளில் சும்மா சத்தம் போடும், பரவாயில்லை.

பழைய பக்கங்களைக் கருவி வைத்து ஒரே மூச்சில் மாற்றலாமே என்று கேட்பார்கள். எரிக் ரேமண்டின் டாக்லிஃப்டர் போன்றவை சாய்வெழுத்தைப் பார்த்து இது கோப்பாக இருக்கும், இது மாறியாக இருக்கும் என்று ஊகிக்கின்றன. பெரும்பாலும் நன்றாகவே ஊகிக்கும். ஆனால் எங்கள் பக்கங்களில் சாய்கோடு இல்லாத வெறும் கோப்புப் பெயர்கள் அதிகம், ஒவ்வொரு .ஐயையும் ஆள் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால் ஏதோ காரணத்துக்காக ஒரு பக்கத்தைத் திறந்தால் அதை மட்டும் மாற்றுகிறோம், மற்றவை .ஐயிலேயே கிடக்கின்றன. வெளித் திட்டங்களுக்குத் திருத்தம் அனுப்பும்போது அவர்கள் வழக்கம் எதுவோ அதுவே எனக்கும். லினக்ஸ் மேன்-பேஜஸுக்குப் போய் .பிஏவின் பெருமை பேசினால் பேட்ச் திரும்பி வரும்.