நாய்க்கு இன்சூரன்ஸா, வேப்பேரி வரிசையா?

வட சென்னையில், பெரம்பூரிலோ கொளத்தூரிலோ நாய் வளர்க்கிறவரிடம் "இதுக்கு இன்சூரன்ஸ் போட்டாச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். "மனுசனுக்கே இன்னும் போடல" என்று சிரிப்பார். நாய் ரப்பர் பந்தை விழுங்கிவிட்டது, ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும் என்று தனியார் கிளினிக்கில் சொல்லும் ராத்திரியில் அதே ஆள் போனில் பாலிசி தேடுவார். அப்போது தேடிப் புண்ணியமில்லை. பாலிசி எடுப்பதற்கு முன்பே வந்துவிட்ட நோய்க்குக் காசு கிடைக்காது. புதிதாக வரும் நோய்களுக்கும் தனியார் பாலிசிகளில் வழக்கமாக முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு.

நம் பக்கத்தில் போட்டி மூன்று முனை. தனியார் கம்பெனிகளின் மருத்துவ பாலிசி ஒன்று. அரசுக் கம்பெனிகள் ரொம்ப நாளாக வைத்திருக்கும் நாய் இன்சூரன்ஸ் இன்னொன்று. மூன்றாவது, பாலிசியே வேண்டாம் என்று மாதம் ஒரு தொகையை ஒதுக்கி வைத்துக்கொண்டு, உடம்பு சரியில்லாவிட்டால் வேப்பேரி அரசுக் கால்நடை மருத்துவமனைக்குப் போவது. பொதுவாக முதல் இரண்டை மட்டும் ஒப்பிட்டுப் பேசுவார்கள். நம் ஏரியாவில் மூன்றாவதுதான் பலமான ஆள்.

1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. மாதவரம் பால்பண்ணையில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இன்னொரு மருத்துவமனை இருக்கிறது. வியாசர்பாடியிலிருந்தோ மூலக்கடையிலிருந்தோ ஆட்டோ பிடித்தால் இரண்டில் ஒன்று பக்கம்தான். எக்ஸ்ரே, ஸ்கேன், ஆபரேஷன், பேராசிரியர்கள் எல்லாம் வேப்பேரியில் ஒரே வளாகத்தில். தனியாரோடு ஒப்பிட்டால் கட்டணம் கொஞ்சம்தான். அதற்குப் பதில் நேரத்தைக் கொடுக்க வேண்டும். காலையில் சீட்டு போட ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, ரத்தம் எடுக்க இன்னொன்று. நடுவில் யாரோ ஒருவருடைய ஜெர்மன் ஷெப்பர்ட் எதிரில் வரும் பூனைக்கூடையைப் பார்த்துக் கட்டிடமே அதிரக் குரைக்கும். கூலி வேலைக்காரருக்கு அன்றைய சம்பளம் போச்சு. அதையும் வைத்தியச் செலவில் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

தனியார் பாலிசிக்கு வருவோம். பஜாஜ் அலையன்ஸ் 2020-ல் நாய்களுக்கான பாலிசியைக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் ஃபியூச்சர் ஜெனரலி வந்தது. இரண்டும் இப்போது பெயர் மாறி பஜாஜ் ஜெனரல், ஜெனரலி சென்ட்ரல் ஆகிவிட்டன. பஜாஜ் திட்டத்தில் ஜாதி நாய், கலப்பு, நாட்டு நாய் எல்லாவற்றுக்கும் இடமுண்டு என்பது நல்ல விஷயம். மூன்று மாதக் குட்டியிலிருந்து சேர்க்கலாம். கிரேட் டேன் மாதிரி ராட்சத ரகங்களை நாலு வயதுக்குள், மற்றவற்றை ஏழு வயதுக்குள் சேர்த்துவிட வேண்டும். எட்டு வயதுப் பொமரேனியனை வைத்துக்கொண்டு இப்போது யோசிக்கிறவருக்கு அந்தக் கதவு மூடியாச்சு.

இந்த பாலிசிகளை ஒரே பொட்டலமாக நினைக்கக் கூடாது. ஆபரேஷனும் மருத்துவமனையில் சேர்ப்பதும்தான் அடிப்படை. ஓ.பி. செலவு (அட்மிட் ஆகாமல் டாக்டரைப் பார்த்து மருந்து வாங்குவது), இறப்புத் தொகை, நாய் காணாமல் போனால் கிடைப்பது, அடுத்தவரைக் கடித்தால் நஷ்ட ஈடு என ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சேர்க்கிற சமாச்சாரம். விளம்பரத்தில் போடுகிற குறைந்த பிரீமியம் அடிப்படைக்கு மட்டும். ஜெனரலி திட்டத்தில் ஒரு வேடிக்கையான வசதியும் உண்டு: வளர்க்கிறவரே ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் நாயைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவைத் தருகிறார்கள். கூட்டுக்குடும்பத்தில் யாருக்கும் தேவைப்படாது. தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இதுவே போதுமான காரணமாகலாம்.

நம் தெருவில் நாய்களுக்கு அதிகம் வருவது எது? உண்ணிக் காய்ச்சல். நாய் சோறு தின்னாமல் மூலையில் சுருண்டு கிடக்கும், ஈறு வெளுத்திருக்கும், ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருக்கும். டாக்டர் எழுதுவது பெரும்பாலும் டாக்சிசைக்ளின் மாத்திரை, நாலு வாரத்துக்கு. நாயை அட்மிட் செய்வதில்லை, வீட்டிலேயே சோற்றுக்குள் வைத்துக் கொடுப்போம். ஆக அடிப்படை பாலிசியில் இதற்குப் பைசா வராது, ஓ.பி. பகுதியைச் சேர்த்திருக்க வேண்டும். சேர்த்தால் பிரீமியம் ஏறும். தோல் வியாதி, காது சீழ் எல்லாம் இதே கணக்குதான்.

அடுத்தது எலிக்காய்ச்சல். புளியந்தோப்பு, கொடுங்கையூர் பக்கம் மழைத் தண்ணீர் தேங்கி எலி வளைகளும் சாக்கடையும் ஒன்றாகக் கலக்கும்போது, அந்தத் தண்ணீரில் நடக்கிற நாய்க்கும் ஆபத்து, அதைக் குளிப்பாட்டுகிறவருக்கும் ஆபத்து. இதற்கு டிரிப்ஸ், அட்மிஷன் என்று செலவு ஏறும், பாலிசி கைகொடுக்கும். ஆனால் வருடாந்தரத் தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் இல்லை. குட்டிகளை அள்ளிக்கொண்டு போகும் பார்வோ வைரஸுக்கும், டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய்க்கும், வெறிநோய்க்கும் அதே நிபந்தனை. அதனால் பாலிசி எடுக்கிறவரின் முதல் சொத்து ஊசி கார்டுதான். மருந்துக் குப்பியிலிருந்து உரித்த ஸ்டிக்கர், தேதி, டாக்டர் கையெழுத்து, முத்திரை, நான்கும் ஒரே வரியில் இருக்கிறதா என்று பாருங்கள். தெரிந்த அண்ணன் வீட்டுக்கே வந்து போட்டுவிட்டுப் போன ஊசி நாயைக் காப்பாற்றலாம், க்ளெய்மைக் காப்பாற்றாது.

அரசுக் கம்பெனிகளான நியூ இந்தியா, ஓரியண்டல், நம்ம ஊரில் தலைமையகம் கொண்ட யுனைடெட் இந்தியா ஆகியவற்றின் நாய் பாலிசி, மாட்டு இன்சூரன்ஸின் தம்பி. விபத்திலோ நோயிலோ நாய் செத்தால் பணம் என்பதே அதன் அடிப்படை. தொகையை நிர்ணயிப்பது நாயின் சந்தை மதிப்பு. அறுபதாயிரத்துக்கு வாங்கிய குட்டி என்றால் பொருத்தம். கருவாட்டுக் கடை வாசலிலிருந்து தூக்கி வந்த கருப்பனுக்குச் சந்தை மதிப்பு என்ன எழுதுவார்கள்? செத்த பிறகு பிரேதப் பரிசோதனைச் சான்று வேறு வேண்டும். காட்சிக்கு நாய் வளர்க்கிறவர்களுக்கும், இனப்பெருக்கம் செய்கிறவர்களுக்கும், சிப்பிப்பாறை, ராஜபாளையம் என்று விலை கொடுத்து வாங்கியவர்களுக்கும் இது சரி. வைத்தியச் செலவுக்குப் பயந்து பாலிசி தேடுகிறவர் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

சில கிளினிக்குகள் வருடச் சந்தா வாங்கிக்கொண்டு ஊசி, பரிசோதனை, குளியல் என்று தருகின்றன. அது முன்பணத் தள்ளுபடி, இன்சூரன்ஸ் இல்லை.

சேமிப்பு வழிக்குப் பலரும் சொல்வது மாதாமாதம் தவணை கட்டும் அஞ்சலக ஆர்.டி. மாதம் 500 ரூபாய், இப்போதைய 6.7 சதவீத வட்டியில் ஐந்து வருடம் கழித்து 35,700 பக்கம் வரும். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் வருடம் அதில் கை வைக்க முடியாது. பன்னிரண்டு தவணை கட்டிய பிறகும் பாதி வரைதான் கடனாகத் தருவார்கள். மூன்று வருடத்துக்கு முன் கணக்கை மூடவும் விடமாட்டார்கள். குட்டி பார்வோவில் விழுவதோ பந்தை விழுங்குவதோ பெரும்பாலும் முதல் வருடத்தில். எனவே இந்தப் பணம் சாதாரண சேமிப்புக் கணக்கில், ஏடிஎம்மில் எடுக்கிற மாதிரி இருப்பதே மேல். வட்டி போனால் போகட்டும்.

ஒரே ஒரு விஷயத்தில் சேமிப்பும் வேப்பேரியும் தோற்கும், அது கடி. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளிலும் ஹவுசிங் போர்டு மாடிப்படிகளிலும் நாயும் ஆளும் உரசாமல் போகவே வழியில்லை. 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஒரு குழந்தையைக் கடித்த பிறகு மாநகராட்சி லைசென்ஸ் விஷயத்தில் கெடுபிடி காட்டுகிறது, நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் கேட்கிறது. கவனக்குறைவாக நாயை விட்டால் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தை எந்த பாலிசியும் கட்டாது. கடிபட்டவருக்குத் தர வேண்டிய நஷ்ட ஈட்டைத்தான் மூன்றாம் நபர் பொறுப்புப் பகுதி ஏற்கும், அதுவும் வரம்புக்குள்.

என் கையில் முடிவு இருந்தால், இரண்டு வயது லேப்ரடாருக்கோ ஜெர்மன் ஷெப்பர்டுக்கோ தனியார் பாலிசி: ஆபரேஷன் பகுதியும் மூன்றாம் நபர் பகுதியும், ஓ.பி. வேண்டாம். உண்ணிக் காய்ச்சலுக்கு வேப்பேரி போதும். வீட்டோடு கிடக்கும் நாட்டு நாய்க்குத் தடுப்பூசி, உண்ணி மருந்து, கருத்தடை ஆகிய மூன்றுக்கும் முதலில் செலவழிப்பேன். கருத்தடை செய்யாத பெட்டைக்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடித்தால் அதுதான் உண்மையான பெரிய பில். மிச்சப் பணம் சேமிப்புக் கணக்குக்கு. ஏழு வயதைத் தாண்டியதற்கு சேமிப்பு மட்டும்தான்.

பாலிசி எடுக்கிறவர்கள் பணம் கட்டும் முன் ஏஜென்டிடம் மூன்று கேள்வியை வாட்ஸ்அப்பில் எழுதியே கேளுங்கள்: அரசுக் கால்நடை மருத்துவமனை ரசீதையும் வெளி மெடிக்கலில் வாங்கிய மருந்து பில்லையும் ஏற்பீர்களா, ஒவ்வொரு க்ளெய்மிலும் என் பங்கு எவ்வளவு, அடுத்த வருடம் புதுப்பிக்கும்போது இந்த வருடம் வந்த நோயைப் பழைய நோய் என்று ஒதுக்குவீர்களா. பதில் எழுத்தில் வராவிட்டால் அடுத்த கம்பெனியைப் பாருங்கள்.