யூஸ்கேன்: எட்டு வருஷப் பழக்கம், ஒரே ஒரு கோபம்

போன வாரம் தம்பி ஒருத்தன் போன் பண்ணினான். "ரெண்டு டெபியன் பேக்கேஜை என் தலையில கட்டிட்டாங்க. யூஸ்கேனை நம்பலாமாண்ணே?" டெபியன் என்கிற லினக்ஸ் தொகுப்புக்கு மென்பொருளைப் பொட்டலம் கட்டித் தருகிறவர்கள் நாங்கள். அந்த மென்பொருளை எழுதியவர் (எங்கள் பாஷையில் அப்ஸ்ட்ரீம்) புது வெர்ஷன் விட்டிருக்கிறாரா என்று பார்த்துச் சொல்கிற கருவி யூஸ்கேன். வேறொரு நாள் கேட்டிருந்தால் "தாராளமா" என்றிருப்பேன். முந்தின ராத்திரிதான் அது என் மானத்தை வாங்கியிருந்தது.

எங்கே தேடுவது என்று யூஸ்கேனுக்குச் சொல்கிற வாட்ச் ஃபைல் என்பது ஒரு முகவரியும், கோப்புப் பெயர் எப்படி இருக்கும் என்கிற அச்சாக ஒரு ரெகெக்ஸும்தான். குனூ திட்டத்தின் எஃப்டிபி தளம் மாதிரி வெறும் கோப்புப் பட்டியல் கிடக்கிற இடமென்றால் ஒரு தடவை எழுதிய வரியை மறந்தேவிடலாம். என்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. கடைசியாக எப்போது தொட்டேன் என்று நினைவில்லை.

அன்றைக்கு நடந்தது வேறு. என் பேக்கேஜ் ஒன்றின் மேல் யாரோ ஒருவர் பக் (குறை) போட்டிருந்தார்: "புது வெர்ஷன் வந்து அஞ்சு மாசமாச்சே, எப்போ ஏத்துவீங்க?" விவரமாகப் பேசச் சொல்கிற வெர்போஸ் போட்டு யூஸ்கேனை ஓட்டினேன். பொருந்திய லிங்குகளையெல்லாம் வரிசையாகக் காட்டிவிட்டு, "பேக்கேஜ் அப் டு டேட்" என்றது. அப்ஸ்ட்ரீம்காரர் வேறு தளத்துக்குக் குடிபோயிருக்கிறார். பழைய பக்கத்தை அழிக்கவில்லை, பழைய டார்பால்கள் (மூலநிரல் மூட்டைகள்) அங்கேயே பத்திரமாக இருக்கின்றன. வாசலில் தொங்குகிற பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு, "ஐயா உள்ளேதான் இருக்கார்" என்று அஞ்சு மாசமாக வந்து சொல்லியிருக்கிறது இது.

லிங்க் உடைந்தால் எனக்குக் கோபமே வராது. நாமெல்லாம் குடியிருக்கிற பெரிய தளம் ஒன்று (பெயர் வேண்டாம்) ரிலீஸ் பக்கத்தில் கோப்புப் பட்டியலைப் பிறகு ஸ்கிரிப்ட் வழியாக ஏற்றுகிற மாதிரி மாற்றியது. பிரவுசரில் எல்லாம் பளிச்சென்று தெரியும், யூஸ்கேனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் "பொருந்தும் கோப்பு எதுவுமில்லை" என்று உடனே கத்தியது. முகவரியில் ரிலீசஸை டேக்ஸ் (வெர்ஷன் பெயர்ச்சீட்டுகளின் பக்கம்) என்று மாற்றினேன், முடிந்தது. நிரல் வைத்துக்கொள்ள இடம் தந்த கூகுள் கோட் 2016 ஜனவரியில் மூடியபோதும் அப்படித்தான், முந்தின வருஷமே சொல்லிவிட்டார்கள். சத்தம் போடுகிற கோளாறோடு குடித்தனம் நடத்தலாம்.

டேக்ஸ் பக்கத்துக்கு மாறியதில் ஒரு நஷ்டம் உண்டு. அப்ஸ்ட்ரீம்காரர் டிஜிட்டல் கையெழுத்துப் போட்டது அவர் சுருட்டித் தந்த டார்பாலுக்கு. மூலநிரல் குடியிருக்கிற கிட்டிலிருந்து தளம் தானாகக் கட்டித் தருகிற மூட்டைக்கு அந்தக் கையெழுத்து செல்லாது. சரிபார்க்கிற வரியை வயிற்றெரிச்சலோடு எடுத்தேன். 2024-ல், எக்ஸ்இசட் என்கிற சுருக்கு மென்பொருளுக்குள் கள்ளக்கதவு வைத்திருந்த விவகாரம் வெடித்தது. விஷத்தைக் கிளப்பிவிடுகிற வரி ரிலீஸ் டார்பாலில் மட்டும் இருந்தது, கிட்டில் இல்லை. அதற்குப் பிறகு நான் செய்தது சரியா தப்பா என்றே சொல்லத் தெரியவில்லை.

நல்லதையும் சொல்லவேண்டும். அந்த டில்டே (~) மாற்றம்! "2.0ஆர்சி1" என்று வருகிற முன்னோட்ட வெர்ஷனை "2.0~ஆர்சி1" என்று ஒரே வரியில் திருத்திவிடும். டில்டே இருந்தால் டெபியன் கணக்கில் அது 2.0-க்கு முன்னால்தான். முழு ரிலீஸ் வருகிற அன்று வெர்ஷன் தலைகீழாகி நிற்கிற அவஸ்தை இல்லை. இதை யோசித்தவருக்கு ஒரு காபி வாங்கித் தரலாம்.

"இந்தப் பக்கத்தில் புதுசாக எதுவும் வந்து மூணு வருஷமாச்சு, ஒரு எட்டு பாரேன்" என்று யூஸ்கேன் ஒரு வரி சொன்னால் குறைந்தா போகும்? சொன்னாலும் சிக்கல்தான், எழுதி முடித்துவிட்டு நிம்மதியாக இருக்கிற அப்ஸ்ட்ரீம்களும் உண்டு. இடம் மாறியவரா, வேலை முடித்தவரா என்று அது எப்படிக் கண்டுபிடிக்கும், பாவம்.

தம்பியிடம் "நம்பாதே" என்றேன். "அப்போ நீங்க எதைண்ணே வச்சிருக்கீங்க?" என்றான். யூஸ்கேன்தான். போனை வைத்துவிட்டு, என்னிடமிருக்கும் ஏழு பேக்கேஜின் முகப்புப் பக்கங்களையும் கையாலேயே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இன்னொன்றும் வீடு மாறியிருந்தது. யூஸ்கேனைக் கேட்டால், அதுவும் அப் டு டேட்.